மூன்று அவுன்ஸ் அரிசி

எதிர்வீட்டில் கல்யாணம். காலையிலிருந்து சீரகச் சம்பா வேகும் வாசனை தெருவை அடைத்துக்கொண்டிருக்கிறது. பந்தலில் ஜமுக்காளம் விரித்து, சஹன் என்கிற அந்தப் பெரிய வட்டத் தட்டுகளைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார வைக்கிறார்கள். என்னையும் வந்து கூப்பிட்டார்கள். பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாசனை வந்தால் உன் ஞாபகம் வருகிறது. உன் ஞாபகம் வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு நாலு பேர் சாப்பிடும் தட்டில் கை வைக்க எனக்கு மனசில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றி நல்லதெல்லாம் ஊரே பேசி முடித்துவிட்டது. நான் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தேன். துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும். எனக்கு மிச்சமிருப்பதை உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

பாலக்கரையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அரிசி மண்டி வைத்தபோது வேலையைப் பிரித்துக்கொள்ள ஒரு பேச்சுகூடத் தேவைப்படவில்லை. உனக்குத் தராசு, எனக்கு சைக்கிள். காலையில் கிளம்பினால் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று சில்லறைக் கடைகளைச் சுற்றிவிட்டு மத்தியான லுஹர் தொழுகை நேரத்துக்குத்தான் நான் திரும்புவேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளி. என் வீடு காட்டூரில். அதனால் மத்தியானச் சோறு எப்போதும் உன் வீட்டிலிருந்துதான். அடுக்குச் சட்டி வந்ததும் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்து, ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கறித்துண்டு உன் விரலில் பட்டால் அதைப் பேசிக்கொண்டே என் பக்கம் தள்ளிவிடுவாய். நான் திருப்பித் தள்ளினால் முறைப்பாய். யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று நாம் கணக்குப் பார்த்ததே இல்லை.

உன் தராசைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அரிசித் தட்டு தாழ்ந்து பலகையைத் தொட்டாலும் உனக்குத் திருப்தி வராது. அதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் உனக்கு அது எடை. "நேரா நிக்கிற முள்ளு கஞ்சனோட முள்ளுடா" என்பாய். ஸ்ரீரங்கத்திலிருந்து மாதா மாதம் வண்டி கட்டிக்கொண்டு வரும் அந்த ஐயங்கார், நீ நிறுக்கும்போது முள்ளைப் பார்க்கவே மாட்டார். வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "பாய் நிறுத்தா போறும், பெருமாள் பார்த்துண்டிருக்கார்" என்பார். எனக்கும் அதே நம்பிக்கைதான். நானும் முள்ளைப் பார்த்ததில்லை.

படியும் பலமும் போய்க் கிலோ வந்த புதிது. செருப்பில் இருந்த ஆணி குத்தி என் வலது காலில் ஒரு புண் வந்தது. ஆணி சின்னது, புண்ணும் சின்னது. ஆனால் ஆறவே இல்லை. மஞ்சள் வைத்தேன், வேப்பிலை வைத்தேன், ஓதிப் பார்த்தேன். கடைசியில் நீதான் ரிக்‌ஷா வைத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். சர்க்கரை வியாதி என்றார். எனக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி போதும் என்றார். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். நீ என் காதருகே, "கலோரியா, அது எந்த ஊரு நெல்லுடா?" என்றாய். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

டாக்டர் பொறுமைசாலி. ஒரு அவுன்ஸ் அரிசிக்குச் சுமாராக நூறு கலோரி, இரண்டு வேளை டிபனுக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, மத்தியானத்துக்கு மூன்று அவுன்ஸ் என்று முடித்தார். நான் தலையாட்டினேன். நீதான் கேட்டாய்.

"மூணு அவுன்ஸ் அரிசியா, சோறா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. இங்க வர்றவங்க யாரும் இதைக் கேக்கறதில்ல. அரிசிதான். வேக வைக்கிறதுக்கு முன்னாடி நிறுக்கணும். சோறா நிறுத்தா தண்ணி எடையும் சேந்துடும், ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அப்ப எண்பத்தஞ்சு கிராம்" என்று நீ அங்கேயே மாற்றிச் சொன்னாய். டாக்டர் என்னைப் பார்த்து, "இவரை விட்டுடாதீங்க பாய்" என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் உயிர் சரியான ஆளிடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் நீ ஏற்பாட்டைச் சொன்னாய். தினமும் காலையில் சில்லறைத் தராசில் எனக்கு எண்பத்தைந்து, உனக்கு எண்பத்தைந்து, இரண்டையும் சேர்த்து நிறுத்து உன் வீட்டுக்கு அனுப்புவாய். உன் மனைவி அதை மட்டும் தனியாக வடித்து அனுப்புவாள். தட்டில் நடுவே பிரித்தால் ஆளுக்குப் பாதி. "உனக்கு எதுக்குடா இந்தப் பத்தியம்?" என்று கேட்டேன். "நீ வாயைக் கட்டுற தட்டுல நான் வயிறு முட்டத் தின்னா அது உள்ள இறங்குமா?" என்றாய். ரிக்‌ஷாவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அதை நீ பார்த்தாயோ என்னவோ.

வீட்டில் என் மனைவி மற்ற இரண்டு வேளையையும் ராணுவம் மாதிரி நடத்தினாள். இரண்டு இட்லி என்றால் இரண்டுதான். ராத்திரி கோதுமையை அவளும் ஒரு சின்னத் தராசு வாங்கி நிறுத்தாள். காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர்ச் சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சி அவளே பார்ப்பாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எனக்குச் செங்கல் நிறம்தான் வந்தது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் இன்னும் நல்ல செங்கல்.

தட்டில் சோறு கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று நானே உன்னிடம் கேட்டேன். மறந்துவிடாதே, கேட்டேன். "பழைய அரிசி மாப்ள, ஒண்ணுக்கு மூணா பெருகும். எடை அதேதான்" என்றாய். பழைய அரிசி பெருகும் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் என் வாயை அடைத்தாய். அரிசி விஷயத்தில் நீ சொன்ன பிறகு நான் என்ன பேசுவேன்?

என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெல்லப் பானை என் கைக்கு எட்டாத இடத்துக்கு மாறியது. சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பாள். ஸ்ரீரங்கத்தில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்பாள். மத்தியானச் சோற்றைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "மத்தியானம் அவரு நிறுத்து அனுப்புறாரு. அதுல தப்பு வராது" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நீ தராசைத் தொட்டால் தப்பு வராது. அப்படியென்றால் தப்பு என் நாக்கில். வேறு எங்கே இருக்கும்?

புண் கறுத்தது. மறுபடி டாக்டரிடம் போனோம். நான், என் மனைவி, நீ. குழாயின் நிறத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாய், நீங்க வெளியில சாப்பிடறீங்க."

"இல்ல டாக்டர். அல்லாஹ் மேல ஆணையா இல்ல."

"ஆணையெல்லாம் எதுக்கு? நான் சொன்னதைச் சாப்பிட்டா இந்தக் கலர் வராது. என்கிட்ட மறைச்சா நஷ்டம் எனக்கில்ல. உங்க காலுக்கு."

நான் உன்னைப் பார்த்தேன். நீ எனக்காகச் சாட்சி சொல்வாய் என்று பார்த்தேன். இவன் வெளியில் எதையும் தொடுவதில்லை டாக்டர், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை. நீ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் மனைவி தலைத் துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த அறையில் நான் பொய்யன் இல்லை என்று தெரிந்த ஆள் நீ ஒருத்தன்தான். காலண்டரில் அப்படி என்னடா இருந்தது?

இரண்டு விரலை எடுத்தார்கள். கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். ஆஸ்பத்திரியில் நீதான் என் பக்கத்தில் இருந்தாய். என் தலையைத் தடவிக் கொடுத்தாய். துஆச் செய்தாய். அதையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

நான் மண்டிக்குத் திரும்பினேன். சைக்கிள் மிதிக்க முடியாது என்பதால் கல்லாவில் உட்கார்ந்தேன். பழையபடி மத்தியானச் சோறு உன் வீட்டிலிருந்து வந்தது. அந்தச் சமயம் நீ நெல் பிடிக்க லால்குடிப் பக்கம் போய் இரண்டு மூன்று நாள் தங்கும்படி ஆயிற்று. அரிசியை நானே நிறுத்தேன். எனக்கு மட்டும், எண்பத்தைந்து கிராம். தராசுத் தட்டில் அந்த அரிசி ரொம்பக் கொஞ்சமாகத் தெரிந்தது. எடைக்கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்பினேன்.

சட்டி வந்தது. திறந்தால் அடியில் கொஞ்சம் சோறு. கொண்டுவந்த ஆளிடம், "வழியில கொட்டிட்டியா?" என்று அதட்டினேன். பாவம், அவன் மூன்று தடவை இல்லை என்றான். தட்டில் கொட்டிப் பார்த்தேன். தினமும் நீ என் பக்கம் ஒதுக்கியதில் பாதிகூட இல்லை. மறுநாள் அதே பழைய அரிசி மூட்டையிலிருந்து எடுத்து நிறுத்து அனுப்பினேன். அதே அளவுதான் வந்தது. அரிசி பெருகவும் இல்லை, கிருகவும் இல்லை. நான் அந்தச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசலில் ஆள் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை.

நீ வந்ததும் கேட்டேன். கத்தவில்லை. மூட்டை இறக்குகிறவர்கள் போகும் வரை காத்திருந்து கேட்டேன்.

"எவ்வளவுடா போட்டே?"

நீ ஒரு நிமிஷம்கூட மறைக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். மூட்டைமேல் உட்கார்ந்தாய்.

"முதல் நாளு எண்பத்தஞ்சுதான் நிறுத்தேன் மாப்ள. தட்டுல பார்த்தேன். கோழிக்கு இறைக்கிற மாதிரி இருந்துச்சு. அரிசி மண்டி வச்சிருக்கோம், உனக்கு நான் அதையா வைப்பேன்? ஒரு கை சேர்த்தேன். அப்புறம் தட்டுல என் பக்கத்துல இருந்தது எனக்கு இறங்கல. உன் பக்கம் தள்ளிட்டேன்."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"டாக்டர் என்னைத் திருடன்னு சொன்னப்ப?"

நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாய். "அப்ப சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? உன் வீட்டுல என் மூஞ்சியில முழிப்பாங்களா? பயந்துட்டேன்டா."

"இப்ப சொல்லு. என் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு. டாக்டர்கிட்ட சொல்லு."

"சொல்றேன். நேரம் பார்த்துச் சொல்றேன். என்னை நம்பு."

சோறு அதிகம் போட்டதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், தெரியுமா? பசித்தவனைப் பார்க்கச் சகிக்காத கை அது. முட்டாள் கை. இரண்டு விரலை விழுங்கிய கை. ஆனாலும் அதில் வஞ்சகம் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடு என்றேன். அதற்கு உனக்குச் செலவு ஒரு வாக்கியம். தராசில் அத்தனை பேருக்கு அள்ளி அள்ளிப் போட்டவனுக்கு, எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைப் போட மனசு வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் காட்டூரிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்டதற்கு, தினமும் உன் மனைவிக்கு எதற்குச் சிரமம் என்று மட்டும் சொன்னேன். நீ ஒரு மூலையில் சாப்பிட்டாய், நான் ஒரு மூலையில். கொஞ்ச நாளில் குழாயில் பச்சை வந்தது. அப்புறம் நீலம். எனக்கு நல்ல காலம் வந்தது என்று நினைக்கிறாயா? அந்த நீலந்தான் என்னைக் குற்றவாளி ஆக்கியது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பார்த்தீங்களா பாய், வாயைக் கட்டினா எப்படிக் குறையுதுன்னு" என்றார். என் மனைவி சொந்தக்காரர்களிடம், "இந்தப் புத்தி முன்னாடியே வந்திருந்தா விரல் போயிருக்காது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நான் சொல்லியிருக்கலாம். நீ சொல்வதாகச் சொல்லியிருந்தாயே என்று காத்திருந்தேன். நான் சொன்னால் அது தப்பிக்கப் பார்க்கிறவனின் பேச்சு. நீ சொன்னால்தான் அது உண்மை. இந்த ஊரில் உன் பேச்சுக்கு இருந்த எடை என் பேச்சுக்கு இல்லை.

கேட்கும்போதெல்லாம் "இந்த நோன்பு கழியட்டும்" என்றாய். "உன் பொண்ணு நிக்காஹ் முடியட்டும்" என்றாய். ஒரு நாள் மூட்டைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய், அவ்வளவுதான். உன் ஜனாஸாவில் கடைவீதியே நின்றது. "ஒரு மணி அரிசி குறைச்சதில்ல மனுஷன்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உண்மைதானே. குறைக்க உனக்கு எங்கே தெரிந்தது? நான் நொண்டிக்கொண்டே தோள் கொடுத்தேன். பாதி வழியில் யாரோ என்னை விலக்கி, "நீங்க முடியாதவர், விடுங்க" என்றார்கள்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி நீ சொல்லப் போவதில்லை என்று ஆன பிறகு நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவள் முதலில் கோபப்பட்டாள். இல்லாத மனுஷன்மேல் பழி போடுவதா என்றாள். நான் லால்குடி சமாச்சாரத்தைச் சொன்னேன், சட்டியின் அடியில் கிடந்த சோற்றைச் சொன்னேன். அதற்கப்புறம் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சொந்தக்காரர்கள் என் காலைப் பற்றிக் கேட்டால் பழைய பாட்டைப் பாடாமல் பேச்சை மாற்றினாள். ஒரு நாள் காலைக் கழுவித் துடைத்துவிடும்போது, "நான் உங்களை ரொம்பப் பேசிட்டேன்ல?" என்றாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

உன் மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பார்க்க வந்தோம். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்துக்கொண்டாள். என் மனைவிக்குத் தட்டு நிறையச் சோறு வைத்தாள். எனக்கு ஒரு சின்னக் கிண்ணத்தால் அளந்து ஒரே ஒரு கிண்ணம் கவிழ்த்தாள். சங்கடத்தோடு சிரித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. உங்க காலைப் பத்தி நான்தான் அவர்கிட்ட கேட்டு அழுதேன், நம்ம வீட்டுச் சோத்தாலயாங்கன்னு. அவருதான் சொன்னாரு, நம்ம சோறு அளவுதான் புள்ள, அவன் வெளியில கை வைக்கிறான், நான் எத்தனையோ தடவ சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கறான், நீயாவது வந்தா பார்த்துப் போடுன்னு."

என் மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. உன் மனைவி மேல் தப்பில்லை. நீ சொன்னதை நம்பினாள், ஊரே நம்பியதுதானே. இத்தனை நாள் நீ பயத்தில் சும்மா இருந்துவிட்டாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ சும்மாவும் இருக்கவில்லை. நான் என்ன சொல்வேன்? புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் உன் புருஷன் பொய் சொன்னான் என்றா? அவள் வைத்தது சரியான அளவு. உன் வீட்டில் எனக்கு அது கிடைத்தது அன்றைக்குத்தான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

காட்டூர் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்குகிற நேரத்தில், "இனிமே அவரைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். அதற்கப்புறம் நான் சொல்லவில்லை. அவள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். வெல்லப் பானை மறுபடி இடம் மாறியிருக்கிறது.

நான் ஒரு வாய்கூட வெளியில் சாப்பிடவில்லை. இதைக் கேட்டு ஆமாம் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவனைத்தான் நான் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.